கேன்சல் ஆன பிராண்டு ஆடைகளை அழிப்பது எப்படி? லேபிள் கணக்கு, வெட்டும் முறை, வரி, சான்றிதழ்

பின்னலூர்
எல்லோருக்கும் வணக்கம். ஐரோப்பிய பையர் ஒருவரின் ஆர்டர் கேன்சல் ஆகி 5,200 டி-ஷர்ட் குடோனில் நிற்கிறது. 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி, 100% காட்டன். பின்கழுத்தில் நெய்த மெயின் லேபிள், இடது பக்கத் தையலில் வாஷ்கேர் (துவைக்கும் குறிப்பு) லேபிள், நெஞ்சில் சின்ன எம்பிராய்டரி லோகோ, நடுவில் பிளாஸ்டிசால் பிரிண்ட். செக்கிங்கில் ஒதுக்கியது தனியாக 60 பீஸ். மீதி லேபிள் ரோல், ஹேங்டேக், லோகோ போட்ட பாலிபேக் எல்லாம் ஸ்டோரில் இருக்கிறது. "அழித்துவிட்டுச் சான்றிதழ் அனுப்புங்கள்" என்று பையர் மெயில் போட்டிருக்கிறார். மிச்ச ஆடைகள் மலிவாக விற்கும் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. எங்கிருந்து ஆரம்பிப்பது, யாரிடம் கொடுப்பது, என்னென்ன ஆவணம் வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவழக்கு
சட்டையைத் தொடுவதற்கு முன்னால் லேபிளை எண்ணுங்கள். எல்லோரும் துணியை வெட்டுவதிலேயே கவனம் வைக்கிறார்கள், ஸ்டோரில் உள்ள மெயின் லேபிள் ரோலை மறந்துவிடுகிறார்கள். லேபிள் போன சட்டை உள்ளூர் விலைக்குத்தான் போகும். அசல் லேபிள் 300 வெளியே போனால் யாரோ தைத்த 300 சட்டை அந்த பிராண்டாக மாறிவிடும். போலி தைப்பவர்களுக்கு அசல் நெசவு லேபிளும், பார்கோடு உள்ள ஹேங்டேக்கும்தான் கிடைக்காத சரக்கு.

கணக்கு இப்படி வர வேண்டும். லேபிள் கம்பெனி இன்வாய்ஸில் வந்தது 5,600 என்று வைத்துக்கொள்வோம். நல்ல பீஸில் தைத்தது 5,200. ரிஜெக்ட்டில் தைத்தது 60. தைக்கும்போது கெட்டுப்போய், கெட்ட லேபிளாகவே திருப்பி வாங்கியது 40. கூட்டினால் 5,300. அப்படியென்றால் ஸ்டோரில் 300 லேபிள் கையில் இருக்க வேண்டும். 220தான் இருக்கிறது என்றால் அழிக்கும் வேலையை நிறுத்திவிட்டு 80 எங்கே என்று தேடுங்கள். தையல் லைனில் சிதறியிருக்கலாம், ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்துதரும்) யூனிட்டிலிருந்து திரும்பி வராமல் இருக்கலாம். இதே கணக்கை வாஷ்கேர், ஹேங்டேக், விலை ஸ்டிக்கர், பாலிபேக், ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கும் சிப்) ஸ்டிக்கர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

துணியையும் பீஸ், கிலோ இரண்டிலும் எழுதுங்கள். உங்கள் சட்டை ஒன்று சராசரி 150 கிராம் என்றால் 5,200 பீஸ் 780 கிலோ. காட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சாதாரண நிலையிலேயே 8.5% ஈரம் உண்டு, மழைக்காலத்தில் இன்னும் ஏறும். எடை 3% ஏறினால் 23 கிலோ, அதாவது ஏறக்குறைய 150 சட்டை. கிலோ கணக்கை மட்டும் நம்பினால் 150 சட்டை குறைந்தாலும் தராசு சரியாகவே காட்டும்.

கட்டிங் டேபிள்
வெட்டும் முறையை நான் சொல்கிறேனுங்க. தனியாக மெஷின் ஒன்றும் வேண்டாம், கட்டிங் மாஸ்டர் பிடிக்கும் 8 இன்ச் ஸ்ட்ரெயிட் நைஃப் (மின் கத்தி) போதும்.

முதலில் சைஸ் வாரியாகப் பிரியுங்கள். சைஸ் கலந்து அடுக்கினால் லேபிளும் லோகோவும் ஒரே நேர்கோட்டில் வராது, கத்தி பாதி சட்டையில் லேபிளைத் தொடாமலே போய்விடும். சட்டையை மடிக்காமல் விரித்து, கழுத்துக்கு மேல் கழுத்து வருகிற மாதிரி 30 பீஸ் அடுக்குங்கள். அடியிலும் மேலேயும் ஒரு பேப்பர் போட்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டுங்கள். ஜெர்சி துணி வழுக்கும், கிளாம்ப் இல்லாமல் வெட்டினால் மேல் அடுக்கு நகர்ந்துவிடும்.

மூன்று வெட்டு. முதலாவது, பின்கழுத்து மெயின் லேபிளின் நடுவில் ஆரம்பித்து, பிரிண்ட்டைப் பிளந்துகொண்டு நேராகக் கீழ்மடிப்பு வரை. அடுத்தது, இடது தோளிலிருந்து நெஞ்சு எம்பிராய்டரியின் நடுவே போய் வலது கீழ்மூலைக்குக் குறுக்காக. கடைசியாக, வாஷ்கேர் தைத்திருக்கிற உயரத்தில் அகலவாக்கில் ஒன்று. வாஷ்கேரில் ஸ்டைல் நம்பரும் பிராண்டு பேரும் இருக்கும், அதையும் கத்தி தொட வேண்டும்.

தையல் ஓரமாக மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஊர் முழுக்க ஓவர்லாக் மெஷின் இருக்கிறது. பக்கத் தையலில் வெட்டிய சட்டையை ஒரு நிமிஷத்தில் திரும்ப மூட்டிவிடுவார்கள், சைஸ் ஒன்று குறையும், அவ்வளவுதான். லோகோவைச் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுப்பதும் தப்பு. அந்தத் துண்டை அப்படியே இன்னொரு சட்டையில் வைத்துத் தைக்கலாம். லோகோவே இரண்டாகப் பிளக்க வேண்டும்.

ஒவ்வொரு 500 பீஸுக்கும் 20 பீஸ் எடுத்துப் பாருங்கள். முழு லேபிளோ முழு லோகோவோ ஒன்றில் இருந்தாலும் அந்த 500-ஐத் திரும்ப மேஜைக்கு ஏற்றுங்கள். 5,260 பீஸுக்கு 176 அடுக்கு வரும். ஒரு மெஷின், ஒரு மாஸ்டர், அடுக்க இரண்டு பேர் என்றால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு 60 பீஸ் அடுக்கினால் பிளேடு சாய்ந்து அடி அடுக்கு தப்பிவிடும். ஸ்டீல் வலைக் கையுறை இல்லாமல் யாரும் பிடிக்க வேண்டாம். ஜிப், ரிவெட், ஸ்னாப் பட்டன் உள்ள ஆடை என்றால் அதை முதலிலேயே கழற்றுங்கள், பிளேடு பட்டால் தெறிக்கும்.

ஓஇ பஞ்சு
வெட்டிய துணி எங்கே போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் கலந்து கொட்டிய குவியல் மலிவான சரக்காகிவிடும்.

திருப்பூர், பல்லடம் பக்கம் கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்துப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் (ஓஇ, குட்டைப் பஞ்சையும் நூலாக்கும் முறை) மில்லில் நூலாக்குகிற தொழில் பெரிது. காட்டன் வெட்டுத் துணிக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் தைத்த சட்டை கட்டிங் வேஸ்ட் மாதிரி சுத்தமான சரக்கு கிடையாது. தையல் நூல் பாலியஸ்டர். லேபிள் பாலியஸ்டர். பிளாஸ்டிசால் பிரிண்ட் என்பது பிவிசி. கிழிக்கிற மெஷினில் அந்தப் பிரிண்ட் துண்டு பஞ்சாகாது, சின்னச் சின்னக் கட்டியாக உடைந்து நூலில் ஏறி, ஸ்பின்னிங்கில் அறுந்துகொண்டே இருக்கும். கழுத்து ரிப்பில் லைக்ரா இருந்தால் அதுவும் சுருண்டு முடிச்சுப் போடும்.

ஆகவே வெட்டும்போதே மூன்று கோணி வையுங்கள். பிரிண்ட், லேபிள், ரிப் இல்லாத சுத்தத் துணி ஒன்றில், அதுவும் நிறம் வாரியாக. ஒரே நிறமாக இருந்தால் மில்லில் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை, அதனால் நல்ல விலை கிடைக்கும். கை, முதுகுப் பகுதி பெரும்பாலும் இந்தக் கோணிக்குப் போகும். கழுத்து ரிப், லேபிள், தையல் ஓரம் இரண்டாவது கோணி. பிரிண்ட் உள்ள முன்பகுதி மூன்றாவது.

கிழித்த பஞ்சின் நீளம் குறைந்துவிடும் என்பதால் பாலியஸ்டர் இழையோடு கலந்து 10ஸ், 16ஸ், 20ஸ் (நூல் எண், குறைந்தால் தடிமன் கூடும்) போன்ற தடித்த நூலாகத்தான் ஓடும். திரும்ப டி-ஷர்ட் நூலாகும் என்று பையரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது கோணி பானிபட் பக்கம் கம்பளி, போர்வைக்குப் போகலாம்.

பிரிண்ட் கோணிதான் தொல்லை. சிமென்ட் சூளையில் எரிபொருளாகக் கொடுக்கலாம் என்பார்கள். அரியலூர் பக்கம் ஆலைகள் இருக்கின்றன, சூளையில் சுமார் 1,450 டிகிரி வெப்பம், துணி மிச்சமில்லாமல் போய்விடும். ஆனால் பிவிசியில் குளோரின் உண்டு. அது சூளைக்குள் படிந்து அடைப்பு உண்டாக்கும் என்பதால் ஆலைகள் குளோரினுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. பிளாஸ்டிசால் என்பதை மறைத்து அனுப்பாதீர்கள், சொல்லி அனுப்பினால் மற்றக் கழிவோடு அளவாகக் கலந்துகொள்வார்கள். குடோன் பின்னாலோ காலி இடத்திலோ எரிப்பது வேண்டவே வேண்டாம். சட்டப்படி தப்பு, பிவிசி எரிந்தால் வருகிற புகை அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நுரையீரலுக்குத்தான் போகும்.

மெர்ச்சண்ட்_09
கொஞ்சம் பின்னால் போவோம். 5,200 நல்ல சட்டை. ஒவ்வொன்றிலும் பருத்தி, சாயம், தண்ணீர், கைவேலை இருக்கிறது. "அழியுங்கள்" என்ற மெயிலுக்கு உடனே "சரி" என்று பதில் போட வேண்டியதில்லை. லேபிளும் லோகோவும் நீக்கி உள்நாட்டில் விற்கவோ நன்கொடை தரவோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். நீக்கியதற்கு மாதிரிப் படம் இரண்டு சேர்த்து அனுப்பினால் பல பையர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கும் இப்போது நெருக்கடி உண்டு. 2018-ல் பிரிட்டிஷ் பிராண்டான பர்பெரி ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது வெளியே வந்து, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பழக்கத்தையே விட்டார்கள். பிரான்சில் 2020-ன் சட்டப்படி விற்காத ஆடையை அழிப்பது 2022 ஜனவரி முதல் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 ஒழுங்குமுறை, விற்காத ஆடை, காலணியை அழிப்பதைப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை 19 முதல் தடுக்கிறது. நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 ஜூலை 19.

அதில் பலர் கவனிக்காத ஒன்று: அந்தச் சட்டத்தில் "அழித்தல்" என்பதற்குள் மறுசுழற்சிக்குக் கிழிப்பதும் அடங்கும். மறுபயன்பாட்டுக்குத் தயார் செய்யக் கொடுப்பதும், மறுஉற்பத்திக்குக் கொடுப்பதும்தான் விலக்கு. "நாங்கள் எரிக்கவில்லை, பஞ்சாக்கிவிட்டோம்" என்பது அங்கே போதாது. பாதுகாப்புக் குறை, சேதம், நன்கொடையாகக் கொடுத்தும் யாரும் ஏற்காதது, அறிவுசார் சொத்துரிமை மீறல் போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு. இது திருப்பூர் ஃபேக்டரியை நேராகக் கட்டுப்படுத்தாது, கணக்குச் சொல்ல வேண்டியது பையர்தான். ஆனால் உங்கள் மெயிலில் இதைக் குறிப்பிட்டுக் கேட்டால் அவருடைய சட்டப் பிரிவு ஒருமுறை யோசிக்கும்.

பின்னலூர்
மெர்ச்சண்ட் சார், நன்றி. அனுமதி கிடைத்தால் லேபிள் நீக்குவது சுலபமா? எம்பிராய்டரியை என்ன செய்வது?

மெர்ச்சண்ட்_09
மெயின் லேபிளைப் பிரிப்பது கைவேலை. கழுத்து டேப்புக்குள் மடித்துத் தைத்திருந்தால் தையலைப் பிரித்துத் திரும்ப மூட்ட வேண்டும். நான்கு பக்கமும் மேலே தைத்ததென்றால் பிரிப்பான் போதும், ஆனால் இழுத்தால் ஜெர்சியில் ஓட்டை விழும். வெறும் கத்தரியால் ஓரமாக நறுக்கினால் பிராண்டு பேரில் பாதி மிஞ்சி நிற்கும், அது நீக்கியதாகாது. கழுத்தில் ஹீட் ட்ரான்ஸ்ஃபராகப் பேர் போட்டிருந்தால் அதன்மேல் ஒரே நிறத்தில் பிரிண்ட் போட்டு மறைக்கலாம்.

எம்பிராய்டரியைப் பின்பக்கமாக ஷேவரால் மழித்து எடுக்கலாம், ஆனால் 160 ஜிஎஸ்எம் மெல்லிசு, ஊசி ஓட்டை தெரியும். அதன்மேல் சின்னத் துணி பேட்ச் தைப்பது நல்லது. உங்கள் பிரிண்ட்டில் பிராண்டு பேரே இருந்தால் சட்டை தேறாது. வெறும் படமாக இருந்தால் பையரிடம் அதற்கும் தனி அனுமதி வாங்குங்கள், படமும் அவருடைய உரிமைதான்.

வரிப்புத்தகம்
சட்டம், வரி இரண்டும் சுருக்கமாக.

வர்த்தகக் குறியீட்டுச் சட்டம் 1999, பிரிவு 30(3): குறியீட்டு உரிமையாளரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ சந்தைக்குக் கொண்டுவந்த பொருளை முறைப்படி வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம். கேன்சல் ஆன உங்கள் சரக்கு அந்தச் சம்மதத்தோடு சந்தைக்கு வரவே இல்லை. லேபிளோடு விற்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மிச்ச லேபிளை வேறு சட்டையில் தைத்தால் பிரிவு 103, அப்படித் தைத்ததை விற்றால் 104. இரண்டுக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொய்க் குறியீடு போடுவதற்கான அச்சு, பிளாக், கருவியை வைத்திருப்பதும் 103-க்குள் வரும். பிரிண்டிங் யூனிட்டில் கிடக்கும் லோகோ ஸ்கிரீன்களை மறக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி: பிரிவு 17(5)(எச்)-படி அழித்த, கணக்கிலிருந்து தள்ளிய, இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். நன்கொடையும் இதில் அடக்கம், அதைப் பலரும் மறக்கிறார்கள். வெட்டிய துணியை விலை போட்டு இன்வாய்ஸில் கழிவாக விற்றால் அது சப்ளை, அதாவது ஜிஎஸ்டி கணக்கில் வரும் விற்பனை. முழு ஆடைக்கும் வெட்டிய துணிக்கும் எச்எஸ்என் (பொருள் வகைக் கோடு) வேறு, இன்வாய்ஸில் டி-ஷர்ட் கோடு போட்டு அனுப்பாதீர்கள். வரவைத் திருப்ப வேண்டுமா இல்லையா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிப் ஃபைலில் வையுங்கள்.

100% ஏற்றுமதி யூனிட், சிறப்புப் பொருளாதார மண்டலம், அட்வான்ஸ் ஆத்தரைசேஷனில் வரியில்லாமல் வந்த மூலப்பொருள், இவற்றில் ஏதாவது இருந்தால் சுங்கத் துறைக்குத் தெரிவிக்காமல் கத்தி வைக்காதீர்கள். பிறகு அந்தச் சரக்கு அழிந்தது என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இரண்டாம்கை
எனக்கு மனசு ஒப்பவில்லை. போடத் துணி இல்லாதவர்கள் இருக்கும்போது புதுச் சட்டையை வெட்டுவது அநியாயம். லேபிளோடேயே ஒரு இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

கணக்குவழக்கு
உங்கள் கோபம் சரி. வெட்டுவதைக் கடைசி வழியாக வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2010 ஜனவரியில் நியூயார்க்கில் எச் அண்ட் எம் கடைக்குப் பின்னால் கிழித்துப் போட்ட புது ஆடைகள் குப்பைப் பைகளில் கிடந்தது செய்தியானபோது ஊரே கொதித்தது, குளிர்காலம் வேறு. வெட்டி வீசுவது ஆகக் கேவலமான வழி.

ஆனால் லேபிளோடு கொடுத்தால் 5,200 சட்டையும் ஓர் இல்லத்தில் தங்காது. 80 பேர் இருக்கும் இடத்தில் 200 சட்டை செலவாகும், மீதியை யாராவது மொத்தமாக வாங்கிக்கொண்டு போவார். மூன்றாம் மாதம் ஆன்லைனில் அந்த ஸ்டைல் நம்பரோடு வந்தால் பையர் கேட்பது ஃபேக்டரியைத்தான். கொடுப்பதென்றால் லேபிள் நீக்கி, சைஸ் வாரியாக எண்ணி, உண்மையில் தேவைப்படும் அளவைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். கூஞ்ச் மாதிரித் துணியைத் தரம் பிரித்து அனுப்பும் அமைப்புகளிடம் முன்கூட்டிப் பேசுங்கள். பெறுபவரிடம் "விற்பனைக்கு அல்ல" என்ற ஒப்பமும், எண்ணிக்கை போட்ட ரசீதும் வாங்குங்கள். செக்கிங்கில் ஒதுக்கிய 60-ல் கறை, ஓட்டை உள்ளதை நன்கொடை மூட்டையில் சேர்க்காதீர்கள்.

சீருடை_ஸ்டோர்
கேட்ட கேள்வியைத் தாண்டிப் போவதற்கு மன்னிக்கவும். சரக்கு ஆடைக்கு மட்டுமல்ல, கம்பெனிச் சீருடைக்கும் இதே முறை வேண்டும். அங்கே ஆபத்து வேறு மாதிரி. கூரியர், கேஸ் சிலிண்டர் டெலிவரி, ஆம்புலன்ஸ், ஏடிஎம் பணம் நிரப்புபவர் உடை போட்டு வந்தவருக்குக் கதவு திறந்துவிடும்.

பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்று வையுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கடைசிச் சம்பளக் கணக்கில் சட்டை, பேன்ட், தொப்பி, அடையாள அட்டைக் கயிறு எண்ணிக்கையைச் சேருங்கள். பெரும்பாலும் தொப்பியும் கயிறும்தான் திரும்பி வராது. பளபளக்கும் ஜாக்கெட்டில் ஒட்டிய ரிஃப்ளெக்டர் டேப்பில் கண்ணாடித் துகள் உண்டு, அதைப் பிரிக்காமல் பஞ்சு மில்லுக்கு அனுப்பாதீர்கள். தீப்பிடிக்காத ஓவரால் அராமிட் (தீயைத் தாங்கும் வலுவான செயற்கை) இழையாக இருந்தால் சாதாரண பிளேடு சீக்கிரம் மழுங்கும், அதைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

பின்னலூர்
ஒரு வழியாகத் திட்டம் தெளிவாகிறது. வெளியே ஒரு ஷ்ரெட்டிங் ஏஜென்சி "நாங்களே எடுத்துக்கொண்டு போய்ச் சான்றிதழ் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

கணக்குவழக்கு
முழு ஆடையாக வாசலைத் தாண்ட விடாதீர்கள். உங்கள் மேஜையில் மூன்று வெட்டு விழுந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். முடியாதென்றால் உங்கள் ஆள் ஒருவர் லாரியோடு போய், கடைசி மூட்டை மெஷினில் விழும்வரை நிற்க வேண்டும்.

மூட்டைக்கு 50 பீஸ், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட சீல். சீல் எண், மூட்டை எடை, லாரி எண் மூன்றும் டெலிவரி சலானில் வர வேண்டும். எடைமேடைச் சீட்டு போகும்போது ஒன்று, இறங்கும் இடத்தில் ஒன்று. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினாலும், வெளிமாநிலம் என்றால் 50,000-ஐத் தாண்டினாலும் இ-வே பில் வேண்டும். ஏஜென்சியிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் நகலை வாங்கி, செல்லுபடித் தேதியையும் அதில் என்ன கழிவுக்கு அனுமதி என்பதையும் படியுங்கள்.

"780 கிலோ ஆடை அழிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிய சான்றிதழை வாங்காதீர்கள். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) எண், ஸ்டைல் எண், சைஸ் வாரியாகப் பீஸ், சீல் எண்கள், அழித்த முறை, தேதி, இடம், வெட்டிய துணி எந்த மில்லுக்கு எத்தனை கிலோ போனது, சாட்சியின் கையொப்பம் இத்தனையும் இருக்க வேண்டும். லேபிளுக்குத் தனிச் சான்றிதழ். ஃபோட்டோவில் தேதியும் மூட்டை எண்ணும் தெரியட்டும்.

ஓஇ பஞ்சு
ஒன்று விட்டுப்போச்சு. ஹேங்டேக்கிலோ வாஷ்கேரிலோ ஆர்எஃப்ஐடி இருந்தால் வெட்டும் முன் எடுத்துவிடுங்கள். உள்ளே அலுமினிய ஆன்டெனா இருக்கிறது. பஞ்சுக்குள் உலோகம் போனால் கிழிக்கும் உருளையில் பொறி பறக்கும், பஞ்சு மில்லில் தீ பிடிக்க அதுவும் ஒரு காரணம். மூட்டையையும் ஈரமாகக் கட்டி வைக்காதீர்கள், பூசணம் பிடித்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

கட்டிங் டேபிள்
லேபிள் ரோலை எப்படி அழிப்பதென்று யாரும் சொல்லவில்லையே. பேப்பர் ஷ்ரெட்டரில் போடாதீர்கள், நாடா மாதிரி சுற்றி நின்றுவிடும். ரோலை மையம் வரை ஒரே கீறாகக் கீறுவார்கள், அது பிரயோஜனமில்லை. சுற்றுக்கு ஒரு வெட்டுதான் விழும், நடுவில் உள்ள லேபிள் எல்லாம் முழுசாகக் கையில் வரும்.

ரோலைச் சக்கரம் மாதிரி நிறுத்திவைத்து, பேண்ட் நைஃபில் (வளையமாக ஓடும் பிளேடு மெஷின்) அதன் அகலத்தை இரண்டாக அறுக்கணும். 30 மில்லிமீட்டர் ரோல் இரண்டு 15 மில்லிமீட்டர் ரோலாகும். ஒரே ஓட்டத்தில் அதிலுள்ள ஒவ்வொரு லேபிளும் பாதியாகிவிடும். மெதுவாகத் தள்ளுங்கள், வேகமாக அழுத்தினால் பாலியஸ்டர் சூட்டில் உருகி ஓரம் ஒட்டிக்கொள்ளும். அறுத்த இரண்டு பாதியையும் ஒரே மூட்டையில் போடாமல் வெவ்வேறு நாள் அனுப்புங்கள். நறுக்கி மடித்து வந்த லேபிளை நூறு நூறாகக் கிளிப் போட்டு அதே மெஷினில் அறுக்கலாம். ஹேங்டேக்கில் பார்கோடு நடுவில் வெட்டு விழணும். பிரிண்டிங் யூனிட்டில் இருக்கும் ஸ்கிரீனின் துணியைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம், திரும்பத் துணி இழுத்துக்கொள்வார்கள். எம்பிராய்டரி ஃபைலை ஜாப் ஒர்க் கம்ப்யூட்டரிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் நீக்கியதாக எழுதி வாங்குங்கள்.